அத்தியாயம் 7: உட்பிரிவுப் பட்டாவும் குறுவட்ட அணியும்

வட்டாட்சியர் அலுவலகத்தில் எந்தப் பிரிவு உதவியாளரிடம் வேண்டுமானாலும் "உங்க நிலுவை எத்தனை?" என்று கேட்டுப் பாருங்கள். தன்பதிவேட்டைப் புரட்டி ஒரு நிமிடத்தில் எண்ணைச் சொல்லிவிடுவார். அடுத்து, "நேற்று உத்தரவு வாங்கிக்கொண்டு போனாரே, அவர் மனுக் கொடுத்து எத்தனை நாளாயிற்று?" என்று கேளுங்கள். பதில் வராது. அதற்கென்று அவரிடம் பதிவேடும் இல்லை, இதுவரை யாரும் கேட்டதும் இல்லை.

தன்பதிவேட்டைக் குறை சொல்வதற்கில்லை. டாட்டன்ஹாம் முறை என்று பெயர் பெற்ற பழைய சென்னை மாகாண அலுவலக நடைமுறையில் வந்தது அது. இருக்கைக்கு ஒரு பதிவேடு, வந்த தபாலுக்கு ஒரு ந.க. எண், எந்தத் தேதியில் யாருக்குப் போனது என்ற குறிப்பு. காகிதம் தொலையாமல் இருப்பதற்கு அதைவிட நல்ல ஏற்பாட்டை அந்தக் காலத்தில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அது ஓர் இருக்கைக்கான கணக்கு. 'வி.ஏ.ஓ. அறிக்கைக்கு அனுப்பப்பட்டது' என்று எழுதியதும் உதவியாளரின் மனச்சுமை இறங்கிவிடுகிறது. வி.ஏ.ஓ. எனும் கிராம நிர்வாக அலுவலர் 'நில அளவைக்கு உட்பட்டது' என்று எழுதித் தள்ளியதும் அவர் சுமையும் இறங்குகிறது. எல்லார் மேசையும் சுத்தமாக இருக்கும். மனுதாரர் மட்டும் வாசல் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருப்பார்.

இந்த அத்தியாயம் அலுவலகத் தலைவருக்காக எழுதியது. அணியை அளப்பது என்றால் நடைமுறையில் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரே ஒரு வேலையை வைத்துப் பார்ப்போம்: உட்பிரிவுடன் கூடிய பட்டா மாறுதல். வருவாய்த் துறையில் இல்லாதவர்கள் இதைத் தங்கள் வேலையாக மாற்றி வாசித்துக்கொள்ளலாம். பல கை மாறுகிற எந்த வேலைக்கும் கதை ஒன்றுதான்.

வேலையை முதலில் நடந்து பாருங்கள்

ஒருவர் ஒரு புல எண்ணில் முழுப்பரப்பையும் வாங்கினால் சிக்கல் குறைவு. பெயரை மாற்றினால் போதும். அதே புலத்தில் 40 சென்ட் மட்டும் வாங்கினால் நிலத்தை அளக்க வேண்டும், புலப்படத்தில் கோடு போட வேண்டும், புது உட்பிரிவு எண் தர வேண்டும், அ பதிவேட்டையும் சிட்டாவையும் திருத்த வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், குறுவட்ட அளவர், அவர் போட்ட வரைபடத்தைச் சரிபார்க்கும் வட்டத் துணை ஆய்வாளர், பிரிவு உதவியாளர், துணை வட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் என்று கைகள் நீளும். இதில் முக்கியமான சங்கதி, வி.ஏ.ஓ. வருவாய்த் துறை ஆள், அளவர் நில அளவைத் துறை ஆள். இருவருக்கும் மேலதிகாரி வேறு, மாதாந்திர ஆய்வுக் கூட்டம் வேறு, படிவம் வேறு. ஒரே மனு இரண்டு துறைகளின் கணக்கிலும் 'எங்கள் பக்கம் நிலுவை இல்லை' என்று காட்டிக்கொண்டு மாதக்கணக்கில் நிற்க முடியும்.

அளவுகோல் எதையும் வகுப்பதற்கு முன் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். அடுத்து வரும் முப்பது உட்பிரிவு மனுக்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டுச் சீட்டு போடுங்கள். ஒவ்வொரு கையும் வாங்கிய தேதியையும் அனுப்பிய தேதியையும் மட்டும் அதில் எழுத வேண்டும். பெயர் வேண்டாம், பதவி போதும். கணினியில் நடக்கும் வேலைக்குச் சீட்டு எதற்கு என்று கேட்பார்கள். தமிழ்நிலம் மென்பொருளில் கோப்பு எந்தக் கணக்கில் இருக்கிறது என்று தெரியும். அளவர் வயலுக்குப் போனபோது பக்கத்து நிலத்துக்காரர் ஊரில் இல்லாமல் திரும்பி வந்தது தெரியாது. சீட்டில் அது தெரியும்.

சீட்டுகள் திரும்பி வந்ததும் இரண்டு கூட்டல் போடுங்கள்: மனுமேல் யாராவது வேலை செய்த நேரம், மனு சும்மா கிடந்த நேரம். முதலாவது மணிக்கணக்கில் இருக்கும், இரண்டாவது நாள்கணக்கில். உங்கள் அலுவலகத்தின் உற்பத்தித்திறன் எங்கே ஒழுகுகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடைக்காது. ஆளுக்கு இன்னும் வேகமாகக் கையெழுத்துப் போடச் சொல்லி அந்த ஒழுக்கை அடைக்க முடியாது.

அணி எவ்வளவு பெரிது?

இங்கேதான் பெரும்பாலான திட்டங்கள் கவிழ்கின்றன. மாவட்டத்தையே ஓர் அணி என்று அறிவித்து, மாவட்டத்துக்கு மதிப்பெண் போட்டு, தரவரிசைப் பட்டியல் வெளியிடுவார்கள். பட்டியலில் முதலில் வந்தாலும் கடைசியில் வந்தாலும் ஒரு வி.ஏ.ஓ.வுக்கு அது பக்கத்து மாநிலத்துச் செய்தி.

பிரிட்டன் இதைப் பரீட்சித்தே பார்த்தது. ஜான் மேக்கின்சன் என்பவர் 2000-இல் அந்நாட்டு அரசுக்குக் கொடுத்த அறிக்கையில், பெரிய அரசு அலுவலகங்களில் ஊக்கத்தொகையைத் தனி ஆளுக்குத் தராமல் அணிக்குத் தரலாம் என்று பரிந்துரைத்தார். 2002-இல் வேலைவாய்ப்பு அலுவலகங்களையும் உதவித்தொகை அலுவலகங்களையும் இணைத்து ஜாப்சென்டர் பிளஸ் உருவானபோது 17 மாவட்டங்களில் அதை நடைமுறைப்படுத்தினார்கள். மாவட்டம்தான் அணி. சில மாவட்டங்களில் அலுவலகங்கள் குறைவு, சிலவற்றில் ஏராளம். சைமன் பர்கெஸ், கரோல் ப்ராப்பர் முதலான பொருளாதார ஆய்வாளர்கள் பின்னர் கணக்கைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒட்டுமொத்த சராசரியில் மாற்றம் ஏதுமில்லை. உள்ளே போனால் சிறிய அணிகள் நன்றாக முன்னேறியிருந்தன. பெரிய அணிகள் பின்தங்கியே போயிருந்தன.

காரணம் நமக்குப் புதிதல்ல. ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடத்தைத் தொட்டுக்கொண்டு மட்டும் வருபவர்கள் உண்டு. நூறு பேர் இழுத்தால் அவர்களைக் கண்டுபிடிக்க முடியாது. பத்துப் பேர் இழுத்தால் பக்கத்தில் இருப்பவருக்கே தெரிந்துவிடும்.

ஆகவே என் பரிந்துரை குறுவட்டம். ஒரு வருவாய் ஆய்வாளர், அவர் எல்லைக்குள் இருக்கும் வி.ஏ.ஓ.க்கள், குறுவட்ட அளவர், வட்ட அலுவலகத்தில் அந்தக் குறுவட்டக் கோப்புகளைப் பார்க்கும் உதவியாளர், துணை வட்டாட்சியர். ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு பேர். மனு தொடுகிற எல்லாக் கைகளும் அணிக்குள் இருக்க வேண்டும்; மனு தொடாத எந்தக் கையும் வேண்டாம். அளவர் வேறு துறை என்று அவரை வெளியே விட்டால் அணி என்பது பெயரளவில்தான். கூட்டத்துக்கு அவர் வருவதற்கு வட்டத் துணை ஆய்வாளரிடம் முன்கூட்டியே பேசி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். ஆணை போட்டு வரவழைப்பதைவிட ஒரு தேநீர் நேரத்துப் பேச்சு இதில் அதிக தூரம் போகும். ஓர் அளவரே இரண்டு குறுவட்டங்களைப் பார்க்கும் இடங்களில் அவர் இரண்டு அணியிலும் இருப்பார். அந்த இரண்டு கூட்டங்களையும் ஒரே நாளில் வையுங்கள்.

சராசரியை நம்பாதீர்கள்

பத்து மனு முடிந்திருக்கிறது. எட்டு மனுவுக்கு 12 நாள். மீதி இரண்டுக்கு 140 நாள். சராசரி 37.6 நாள் என்று அறிக்கை போகும். பத்துப் பேரில் ஒருவர்கூட 37 நாளில் பட்டா வாங்கவில்லை. எட்டுப் பேருக்கு அந்த எண் அநியாயம், இரண்டு பேருக்கு அது கண்துடைப்பு.

சராசரிக்குப் பதில் இரண்டு எண்களைப் பலகையில் எழுதுங்கள். முடிந்த மனுக்களை நாள் வரிசையில் அடுக்கினால் நடுவில் நிற்கும் மனுவுக்கு எத்தனை நாள். பத்தில் ஒன்பதாவதாக நிற்கும் மனுவுக்கு எத்தனை நாள். மேலே சொன்ன பத்தில் அவை 12, 140. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நடந்தது தெரிந்துவிடும். கூடவே, இன்னும் முடியாதவற்றில் ஆகப் பழைய மனுவின் வயது. இந்த எண்ணை மட்டும் சிவப்பு மையில் எழுதலாம். முடிந்த மனுக்களை மட்டும் அளந்தால், முடியாத மனுவைத் தொடாமல் விடுவதுதான் அழகான எண்ணுக்குக் குறுக்குவழி ஆகிவிடும்.

அடுத்தது நிராகரிப்பு. இதை எழுதாமல் விட்டால் மற்ற எல்லா அளவும் வீண். கெடு நெருங்கியதும் 'உரிய ஆவணம் இணைக்கப்படவில்லை' என்று தள்ளுபடி செய்தால் கணக்கில் மனு முடிந்துவிடும். மனுதாரர் மறுபடி இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்பார். இந்தப் பழக்கம் பரவலாக இருப்பது துறையில் எல்லாருக்கும் தெரியும். அதனால் தள்ளுபடியைத் தனி வரியாக, காரணத்தோடு எழுதுங்கள். தள்ளுபடியான அதே புல எண்ணுக்கு மூன்று மாதத்துக்குள் மறுமனு வந்து பட்டா கிடைத்திருந்தால், முதல் தள்ளுபடி தேவையற்றது என்றுதான் பொருள். அந்த மனுவின் நாள்கணக்கை முதல் மனுவின் தேதியிலிருந்தே தொடங்குங்கள். இந்த ஒரு விதி போட்டதும் தள்ளுபடி தானாகக் குறையும். கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு போய் மாற்றப்பட்ட உத்தரவுகளையும் இதோடு சேர்த்து எண்ணுங்கள். வேகத்துக்காக அவசரப்பட்டால் அந்தத் தொகை ஏறும்.

மேலே சொன்ன பிரிட்டன் ஆய்வு இதற்கும் பாடம் வைத்திருக்கிறது. வேலையில் சேர்த்துவிட்டவர்களின் எண்ணிக்கையை அங்கே துல்லியமாக அளந்தார்கள். சேவையின் தரத்துக்கும் இலக்கு இருந்தது, ஆனால் அதன் அளவீடு அவ்வளவு துல்லியமாக இல்லை. சிறிய அணிகளில் எண்ணிக்கை அசைந்தது, தரம் அசையவில்லை.

ஐந்தாவது அளவு ஒன்று உண்டு. எந்த அரசாணையிலும் அதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்: வரிசை மீறல். பின்னால் வந்த மனு முன்னால் முடிந்தது எத்தனை? ஒரே பக்கத்து நிலங்களைச் சேர்த்து ஒரே நாளில் அளப்பதால் கொஞ்சம் வரிசை மாறுவது நியாயம். அதற்குக் காரணத்தை எழுதிவிடலாம். காரணம் எழுத முடியாத மீறல்கள் எப்படி வந்தன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. 'கவனித்தவர்' மனு ஐந்து நாளில் முடிந்தால் அணியின் நடு எண்ணும் நன்றாகத்தான் இருக்கும். வேகத்தை மட்டும் அளக்கிற அலுவலகம் லஞ்சத்துக்கும் சேர்த்தே மதிப்பெண் போடுகிறது.

மனுக்கள் எல்லாம் ஒரே கனம் அல்ல என்ற புகார் நிச்சயம் எழும், அது உண்மையும்கூட. பங்காளிகள் நான்கு பேர் கையெழுத்துப் போட மறுக்கும் கூட்டுப் பட்டாவும், தகராறில்லாத ஒற்றை மனையும் ஒன்றாகுமா? ஜாப்சென்டர் பிளஸில் இதற்குப் புள்ளி முறை வைத்திருந்தார்கள். ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்கு வேறு வேலை வாங்கிக் கொடுத்தால் 1 புள்ளி. வேலையின்றிப் பிள்ளையைத் தனியாக வளர்க்கும் தாய்க்கோ தந்தைக்கோ வாங்கிக் கொடுத்தால் 12. சுலபமான ஆட்களையே பொறுக்கி எடுத்து எண்ணிக்கை ஏற்றுவதை அது தடுக்கும். நீங்கள் அவ்வளவு நுணுக்கத்துக்குப் போக வேண்டாம். எளியது, நடுத்தரம், கடினம் என்று மூன்று வகை போதும். ஆனால் வகை பிரிப்பது மனு வந்த வாரத்திலேயே நடக்க வேண்டும், தாமதமான பிறகு அல்ல. தாமதமான மனு எல்லாமே கடின மனுவாகிவிடும் மந்திரம் நமக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலை

வருவாய்த் துறைக்கு ஆய்வு புதிதல்ல. பசலி ஆண்டு முடிவதை ஒட்டி ஊர் ஊராகக் கணக்கைத் திறந்து பார்க்கும் ஜமாபந்தி எவ்வளவு பழமையானது! ஆனால் வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பது தணிக்கை. அணியின் வேலை மாற வேண்டுமானால் இடைவெளி குறுக வேண்டும். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 2000-இல் மேயர் மார்ட்டின் ஓ'மாலி தொடங்கிய சிட்டிஸ்டாட் கூட்டங்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நடந்தன. போன கூட்டத்தில் சொன்னது என்னவாயிற்று என்பதுதான் அடுத்த கூட்டத்தின் தொடக்கம். சாலைப் பள்ளத்தை 48 மணி நேரத்துக்குள் மூடுவோம் என்று அந்நகரம் துணிந்து வாக்குக் கொடுத்தது இந்தப் பின்தொடர்தலின் பலத்தில்தான்.

குறுவட்ட அணிக்கு வாரம் ஒருமுறை இருபது நிமிடம் போதும். நாற்காலி வேண்டாம், பலகை முன் நின்றபடி. திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாள் என்பதால் செவ்வாய் வசதி. கூட்டம் சரியாகப் போனால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"இந்த மூணு மனுவும் அளவையிலேயே நிக்குதே?" என்பார் துணை வட்டாட்சியர்.

"நெல்லு நிக்குது மேடம். அறுப்பு ஆகாம உள்ள இறங்க முடியாது" என்பார் அளவர்.

"அந்தப் பக்கம் தை கடைசியிலதான் அறுப்பு. ஆனா எங்க மேட்டுக்காட்டுல ரெண்டு மனு இருக்கு சார், வெறுந்தரை" என்று வி.ஏ.ஓ. குறுக்கிடுவார். "வியாழக்கிழமை வாங்க. பக்கத்து நிலத்துக்காரங்களுக்கு நான் இன்னைக்கே நோட்டீஸ் கொடுத்துடறேன். கல்லு மட்டும் எடுத்துட்டு வாங்க."

"கல்லு இல்லீங்க. அதான் போன வாரமும் சொன்னேன்."

இந்தக் கடைசி வரிக்காகத்தான் கூட்டம். எல்லைக்கல் வாங்கித் தருவது வி.ஏ.ஓ.வாலும் அளவராலும் ஆகாது. அது உங்கள் வேலை. அடுத்த செவ்வாய்க்குள் கல் வரவில்லையென்றால் பலகையில் உங்கள் பதவிக்கு நேரே 'கல் – நிலுவை' என்று எழுத விடுங்கள். அதற்கு மனமில்லாத தலைவர் இந்தத் திட்டத்தைத் தொடங்காமல் இருப்பது நல்லது. தொடங்கிய மாதமே ஊழியர்கள் அவரைக் கண்டுகொள்வார்கள்.

பலகையை நிரப்புவது அணியே. புள்ளியியல் பிரிவிடம் கொடுக்காதீர்கள். தன் கையால் சிவப்பு எண்ணை எழுதுகிற உதவியாளர் அதைக் குறைக்கும் வழியையும் யோசிப்பார்.

பணம் கொடுக்கலாமா?

கொடுக்க உங்களுக்கு அதிகாரமே இராது. இருந்தாலும் அவசரப்படாதீர்கள் என்பேன். 2005-இல் தொடங்கி ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தின் கிராமத் தொடக்கப்பள்ளிகளில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். 100 பள்ளிகளில் மாணவர் முன்னேற்றத்துக்கேற்ப அந்தந்த ஆசிரியருக்கு ஊக்கத்தொகை. வேறு 100 பள்ளிகளில் பள்ளிக்குப் பொதுவாக. முதல் ஆண்டில் இரண்டும் சமமாகப் பலன் தந்தன. இரண்டாம் ஆண்டு முடிவில் தனி ஆசிரியருக்குக் கொடுத்த பள்ளிகள் முந்திவிட்டன.

அணி அளவீட்டுக்கு எதிராக இந்த முடிவைச் சிலர் மேற்கோள் காட்டுகிறார்கள். நான் அப்படி வாசிக்கவில்லை. ஓர் ஆசிரியரின் வகுப்பு பெரும்பாலும் அவருடையது. மூன்றாம் வகுப்பு கணக்கில் தேறியதா என்பதில் பக்கத்து அறை ஆசிரியருக்குப் பங்கு குறைவு. உட்பிரிவுப் பட்டா யாருடையதும் அல்ல. ஒருவரின் வேலையைத் தனியே வெட்டி எடுத்து அளக்க முடிந்தால் தனியே அளங்கள். கணினிப் பதிவு செய்பவர், பதிவறை எழுத்தர், ஓட்டுநர் என்று அப்படிப்பட்ட இருக்கைகள் உங்கள் அலுவலகத்திலும் இருக்கின்றன. அவர்களை வலிந்து அணிக்குள் இழுக்க வேண்டாம்.

பணம் வேறு விதத்திலும் சாரமிழக்கும். ரயில்வே 1979-80 முதல் ஊழியர்களுக்கு உற்பத்தித்திறன் போனஸ் தருகிறது. சரக்கும் பயணிகளும் எவ்வளவு சென்றார்கள் என்பதை வைத்துக் கணக்கிடும் கூட்டு அளவீடு அது. பத்தாண்டுகளுக்கும் மேலாக, ஆண்டுதோறும் 78 நாள் சம்பளம். சம்பள உச்சவரம்பை வைத்துக் கணக்கிடுவதால் அதிகபட்சம் 17,951 ரூபாய். தீபாவளிச் செலவுக்கு அது பெரிய உதவி, வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் திருச்சி பொன்மலையில் ஒரு பணிமனைப் பிரிவு இந்த வருடம் நன்றாக வேலை செய்ததா என்பதை அந்த 78 சொல்லாது. லட்சக்கணக்கானவர்களை ஒரே அணியாக வைத்தால் அப்படித்தான் ஆகும்.

அணிக்கு நீங்கள் கொடுக்கக்கூடியவை வேறு. அளவை நாளில் அலுவலக ஜீப். மற்ற அவசரப் பணிகளுக்கு இழுக்காத ஒரு முழு நாள். தேர்தல் பணி, வெள்ள நிவாரணக் கணக்கு, முகாம் என்று வி.ஏ.ஓ.வை வாரம் முழுக்க அலைக்கழித்துவிட்டுப் பட்டா ஏன் நிற்கிறது என்று கேட்பதில் பொருளில்லை. அந்த நாள்களையும் பலகையில் குறித்துவையுங்கள். மேலே அறிக்கை அனுப்பும்போது உங்களுக்குக் கைகொடுப்பது அந்தக் குறிப்புதான்.

எண் அழகாக மாறினால்

சந்தேகப்படுங்கள். இங்கிலாந்தில் உயிருக்கு ஆபத்தான அழைப்புகளில் 75 சதவீதத்துக்கு 8 நிமிடத்துக்குள் ஆம்புலன்ஸ் போய்ச்சேர வேண்டும் என்று இலக்கு வைத்தபோது, சில இடங்களின் பதிவுகளில் 8-ஆவது நிமிடத்துக்குச் சற்று முன்பு வந்ததாக ஒரே குவியல். அதைத் தாண்டியதும் திடீர்ப் பள்ளம். உங்கள் கெடு 30 நாள் என்றால் 28, 29, 30-ஆம் நாள்களில் எத்தனை உத்தரவு என்று எண்ணிப் பாருங்கள்.

பிரிட்டனின் சுங்கத் துறையில் நடந்த அணிச் சோதனையில் இன்னொரு வகை தெரிந்தது: மேலாளர்கள் திறமையான ஆட்களை அளக்கப்படும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். பட்டா எண் ஏறும்போது வருமானச் சான்று, வாரிசுச் சான்று எண்கள் என்ன ஆயின என்பதையும் ஒரு கண் பாருங்கள்.

அணியை அளப்பதால் தனி ஆளின் பொறுப்பு கரைந்துவிடக் கூடாது. வேலைக்கே வராதவர், கோப்பைப் பூட்டி வைத்துக் காசு கேட்பவர் விஷயத்தை அணிக் கூட்டத்தில் பேசாதீர்கள். அதற்கு ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(அ), 17(ஆ) குறிப்பாணைகள் இருக்கின்றன; தனி அறையும் இருக்கிறது. அதேபோல் பலகை எண்ணைக் காட்டி யாருக்கும் குறிப்பாணை கொடுக்கக் கூடாது. ஒரே ஒருமுறை கொடுத்தால் போதும், அடுத்த வாரத்திலிருந்து துண்டுச் சீட்டுகளில் வரும் தேதிகள் எல்லாம் கற்பனைத் தேதிகளாக இருக்கும்.

கடைசியாக, மாறுதல். வட்டாட்சியர் ஒரே இடத்தில் நெடுநாள் இருப்பது அபூர்வம். புதியவர் வந்த முதல் வாரம் பலகை இறங்கி ஸ்டோர் ரூமுக்குப் போகும் வாய்ப்பு அதிகம். பொறுப்பு ஒப்படைப்புக் குறிப்பில் சாவி, ரொக்கம், வாகனத்தோடு இந்த ஐந்து எண்களின் கடைசி ஆறு மாதக் கணக்கையும் ஒரு தாளில் சேருங்கள். செவ்வாய்க் கூட்டத்தை நடத்தும் பொறுப்பைத் தொடக்கத்திலிருந்தே துணை வட்டாட்சியரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் ஓரமாக நில்லுங்கள். நீங்கள் விடுப்பில் இருந்த வாரத்திலும் கூட்டம் நடந்ததா என்று பாருங்கள். நடக்கவில்லையென்றால் திட்டத்தை அடுத்த குறுவட்டத்துக்கு விரிக்கும் வேளை இன்னும் வரவில்லை.